காலி ஸ்லாட்டில் 160: எந்த அட்டை எங்கே இருக்கிறது என்று நிரல் எப்படிக் கண்டுபிடிப்பது?

#1 பச்சைத்திரை

வணக்கம். பழைய ஆப்பிள் 2ஈ கணினி ஒன்றைச் சுத்தம் செய்து ஓட வைத்திருக்கிறேன். இயந்திரம் தொடங்கியதும், அட்டை செருகும் ஏழு ஸ்லாட்டுகளையும் பார்த்து, எதில் என்ன அட்டை என்று திரையில் காட்டும் ஒரு நிரல் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் படியிலேயே சிக்கிக்கொண்டேன்.

ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் 256 பைட் ரோம் (அட்டையின் அழியாத நினைவகம்) இடம் உண்டு. ஸ்லாட் எண்ணை 256-ஆல் பெருக்கி 49152-உடன் கூட்டினால் அதன் தொடக்க முகவரி கிடைக்கும். காலி ஸ்லாட்டைப் படித்தால் 255 வரும் என்று எண்ணி, "255 இல்லையென்றால் அட்டை இருக்கிறது" என்று எழுதினேன். ஓட்டிப் பார்த்தால் ஏழிலும் அட்டை இருப்பதாகச் சொல்கிறது. ஸ்லாட் 2 காலி என்பதை மூடியைத் திறந்து என் கண்ணால் பார்த்தேன். ஆனால் அதன் முகவரியான 49664-ஐப் பீக் செய்தால், அதாவது படித்தால், 160 வருகிறது. மறுபடி 160. மறுபடியும் 160. திரையில் நிரலின் பட்டியல் ஓடியிருந்தால் மட்டும் 193, 210 என்று வேறு எண்கள் இடையிடையே வருகின்றன.

தாய்ப்பலகையில் பழுதா? வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது, மனம் கலங்கிப்போயிருக்கிறேன்.

#2 ஆறாம்ஸ்லாட்

கலங்க வேண்டாம் நண்பரே, உங்கள் பலகை நலமாக இருக்கிறது. 160 என்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஆப்பிளின் எழுத்துத் திரையில் வெற்றிடத்தின் குறியெண் அது. 193 'ஏ' எழுத்து, 210 'ஆர்' எழுத்து. காலி ஸ்லாட்டைப் படிக்கும்போது நீங்கள் படிப்பது உங்கள் திரையை.

இந்த இயந்திரத்தில் ஒவ்வொரு கடிகாரத் துடிப்பும் இரண்டு பாதிகளாகப் பிரிகிறது. முதல் பாதியில் காட்சிச் சுற்று நினைவகத்திலிருந்து ஒரு பைட்டை எடுத்துத் திரைக்கு அனுப்புகிறது. இரண்டாம் பாதியில் 6502 செயலி தன் வேலையைச் செய்கிறது. காலி ஸ்லாட்டின் முகவரியைக் கேட்டால் பதில் சொல்ல எந்தச் சில்லும் இல்லை. தரவுக் கம்பிகளில் சற்று முன் காட்சிச் சுற்று எடுத்த பைட்டின் மின்னேற்றம் இன்னும் வடியாமல் நிற்கிறது. 6502 அதையே பதில் என்று எடுத்துக்கொள்கிறது. மிதக்கும் பாதை என்று இதைச் சொல்வோம்.

நம்பிக்கை வர ஒரு சோதனை செய்யுங்கள். உயர்தெளிவு வரைபடத் திரைக்குப் போய், நிறம் 3 வைத்து ஒரு புள்ளி இடுங்கள். பிறகு 62454-ஐ அழைத்தால் திரை முழுவதும் அந்த நிறமாகும். 49234-இல் 0 எழுதி, அடியில் இருக்கும் நான்கு எழுத்து வரிகளையும் நீக்கிவிடுங்கள். இப்போது 49664-ஐப் படித்துச் சொல்லுங்கள். 127 வர வேண்டும்.

#3 பச்சைத்திரை

127! பத்து முறை படித்தேன், பத்தும் 127. நிறம் 7 வைத்து நிரப்பினால் 255 வருகிறது. அதாவது வெள்ளைத் திரையோடு ஓட்டியிருந்தால் என் தவறான சோதனை "சரியாக" வேலை செய்திருக்கும், நானும் அதை நம்பியிருப்பேன். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

#4 ரப்பர்விசை

ஸ்பெக்ட்ரம் கணினி வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய வலி. கெம்ப்ஸ்டன் ஜாய்ஸ்டிக் இடைமுகம் 31-ஆம் துறையில், அதாவது செயலி வெளிச் சாதனங்களோடு பேசும் எண்ணிட்ட வாசலில், இருக்கும். மேல் மூன்று பிட்களும் சுழி, கீழ் ஐந்தில் நான்கு திசைகளும் சுடும் பொத்தானும். இடைமுகமே இல்லாத இயந்திரத்தில் அந்தத் துறையைப் படித்தால் 255 அல்லது திரையின் ஏதோ ஒரு பைட் வரும். சில விளையாட்டுகள் அதைச் சோதிக்காமல் எடுத்துக்கொள்வதால், நாம் விசையைத் தொடுவதற்கு முன்பே பாத்திரம் தானாக ஓடிச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும்.

எளிய காப்பு: தொடக்கத்தில் பல முறை படியுங்கள். ஒரு முறையாவது மேல் மூன்று பிட்களில் ஒன்று எழுந்தால் இடைமுகம் இல்லை என்று முடிவு செய்துவிடுங்கள்.

#5 ரோம்வாசகி

பச்சைத்திரை, காலியா இல்லையா என்று ஸ்லாட்டைக் கேட்பதே தவறான கேள்வி. "நீ வட்டு அட்டையா?", "நீ தொடர் இடைமுகமா?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். யாரும் ஆம் சொல்லாவிட்டால் "அடையாளம் தெரியவில்லை" என்று எழுதுங்கள். "காலி" என்ற சொல்லை நிரலிலிருந்தே எடுத்துவிடுவது நல்லது.

1979-இல் வந்த ஆப்பிள் 2 பிளஸ் இதைத்தான் செய்தது. அதன் ரோம் ஸ்லாட் 7-இலிருந்து கீழ்நோக்கி வந்து, ஒவ்வொன்றிலும் 1, 3, 5, 7 ஆகிய நான்கு இடங்களைப் பார்க்கும். அங்கே 32, 0, 3, 60 இருந்தால் அது வட்டு அட்டை, அங்கிருந்து தொடங்கலாம் என்று தாவிவிடும். ஏன் ஒன்றுவிட்டு ஒன்று? அந்த ரோம் வெறும் அடையாள அட்டவணை அல்ல, ஓடுகிற நிரல். முதல் எட்டு பைட்கள் நான்கு கட்டளைகள். செயலிக்குள் இருக்கும் எக்ஸ் பதிவகத்தில் 32 வை, ஒய் பதிவகத்தில் 0 வை, எக்ஸில் 3 வை, எக்ஸை 60-ஆம் முகவரியில் சேமி. முதல் கட்டளை வைத்த 32, மூன்றாம் கட்டளையில் அழிந்துவிடுகிறது. அதாவது நிரலின் ஓட்டத்துக்கு அந்த 32 எந்த உதவியும் செய்யவில்லை, அடையாளம் சொல்வதற்காக மட்டுமே அங்கே நிற்கிறது. 256 பைட்டுக்குள் வட்டிலிருந்து இயந்திரத்தைத் தொடங்கும் நிரலை அடக்கியவர்கள், அதற்குள்ளேயே பெயர்ப்பலகைக்கும் இரண்டு பைட் ஒதுக்கியிருக்கிறார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

மற்ற அட்டைகளுக்குப் பாஸ்கல் நெறிமுறை என்ற அடையாள முறை இருக்கிறது. 5-ஆம் இடத்தில் 56, 7-இல் 24, 11-இல் 1 இருந்தால், 12-ஆம் இடம் வகையைச் சொல்லும். 49 என்றால் தொடர் இடைமுகம், 136 என்றால் வரிக்கு 80 எழுத்து காட்டும் 80 நெடுவரிசை அட்டை, 32 என்றால் சுட்டி. சுட்டிக்கு 251-ஆம் இடத்தில் 214 இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கடிகார அட்டையைப் புரோடாஸ் இயக்கத் தளம் 0, 2, 4, 6 இடங்களில் 8, 40, 88, 112 கொண்டு அறிகிறது.

எதையும் ஒரே முறை படித்து முடிவு செய்யாதீர்கள். ரோம் எத்தனை முறை கேட்டாலும் ஒரே பதில் சொல்லும். ஆனால் ஒரே பதில் வந்ததால் மட்டும் அது ரோம் ஆகிவிடாது, உங்கள் 127-ஐப் பார்த்தீர்கள் அல்லவா. நான்கு வெவ்வேறு எண்கள் சரியான நான்கு இடங்களில், பல முறை. அப்போதுதான் நம்பலாம்.

#6 ஒற்றைப்பிட்

மரியாதையோடு மாறுபடுகிறேன். இவ்வளவு பாடு எதற்கு? நிரலின் தொடக்கத்தில் ஒரு பட்டியல் காட்டி, "ஒலி அட்டை எந்த ஸ்லாட்டில்?" என்று உரிமையாளரைக் கேட்டுவிடலாமே. பொருத்தியவர் அவர், அவருக்குத் தெரியாதா? தானாகக் கண்டுபிடிக்க முயன்று தவறாகக் கண்டுபிடிக்கும் நிரலைவிடக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிரல் மேல்.

#7 ரோம்வாசகி

பொருத்தியவருக்குத் தெரியும். இந்த இயந்திரங்கள் இப்போது அவர்கள் கையிலா இருக்கின்றன? மூன்று நான்கு கை மாறி வருகின்றன. பெட்டியைத் திறந்தால் பெயர் அழிந்த பச்சைப் பலகை ஒன்று இருக்கும், அது என்னவென்று அறியவே நிரலை ஓட்டுகிறார்கள். அவரிடமே "என்ன அட்டை?" என்று கேட்டால் அவர் யாரைக் கேட்பார்?

#8 சாலிடர்மணம்

இருவருக்கும் நடுவில் ஒரு எச்சரிக்கை. படிப்பது தீங்கற்றது என்று பலரும் எண்ணுகிறார்கள். இந்த இயந்திரத்தில் அது உண்மையில்லை.

ரோம் இடத்தைத் தவிர, ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் 16 கட்டுப்பாட்டு முகவரிகள் உண்டு. ஸ்லாட் எண்ணை 16-ஆல் பெருக்கி 49280-உடன் கூட்டுங்கள். வட்டு அட்டையில் அந்தப் பதினாறும் தொட்டாலே திரும்பும் சுவிட்சுகள். எழுதினாலும் படித்தாலும் ஒன்றுதான். ஸ்லாட் 6-இல் 49385-ஐப் படித்தால் மோட்டார் ஓடத் தொடங்கும். 49387 இரண்டாவது வட்டியக்கியைத் தேர்ந்தெடுக்கும். 49391 எழுதும் நிலைக்கு மாற்றும்.

என் முதல் கண்டறியும் நிரல் ஏழு ஸ்லாட்டுகளின் பதினாறு முகவரிகளையும் வரிசையாகப் படித்து அச்சிட்டது. இரண்டாவது வட்டியக்கியின் சிவப்பு விளக்கு எரிந்தது, மோட்டார் நிற்கவே இல்லை. உள்ளே வட்டு இல்லாதது என் நல்வினை. மோட்டார் ஓட, எழுதும் நிலையும் சேர்ந்துகொண்டால் ஒரு தடத்தின் தரவு போய்விடலாம். இப்படித் தரவை இழந்தவர் அதை ஒரு வாரம் கழித்துத்தான் அறிவார், அதற்குள் காரணம் மறந்திருக்கும்.

ஆகவே எப்போதும் ரோம் முதலில். ரோம் தன் பெயரைச் சொன்ன ஸ்லாட்டின் கட்டுப்பாட்டு முகவரிகளைத் தொட வேண்டிய தேவையே இல்லை. பெயர் சொல்லாத ஸ்லாட்டில் மட்டும் அடுத்த கேள்விக்குப் போங்கள், அதுவும் எந்த அட்டையைத் தேடுகிறோமோ அதற்கு உரிய ஒரே முகவரியில்.

இன்னொன்று. எழுதும்போதும் கவனம் தேவை. 6502 சில கட்டளைகளில் எழுதுவதற்கு முன் அந்த முகவரியை ஒரு முறை படிக்கும். முகவரியோடு எக்ஸ் பதிவகத்தைக் கூட்டி அங்கே சேமிக்கும் கட்டளை அப்படிப்பட்டது. நீங்கள் ஒரு முறை எழுதியதாக நினைப்பீர்கள். அட்டையோ ஒரு படிப்பு, ஒரு எழுத்து என இரண்டு தொடுதல்களை உணர்ந்திருக்கும்.

#9 பச்சைத்திரை

நன்றி ஐயா. அந்தப் பதினாறையும் அச்சிடும் பகுதி என் நிரலிலும் இருந்தது, இப்போதே நீக்கிவிட்டேன்.

ரோம்வாசகி அம்மா சொன்னபடி மாற்றியதில் ஸ்லாட் 6 வட்டு, ஸ்லாட் 1 தொடர் இடைமுகம் என்று சரியாக வந்துவிட்டன. ஆனால் ஸ்லாட் 4-இல் ஒரு மாக்கிங்போர்டு ஒலி அட்டை இருக்கிறது. அதில் ரோமே இல்லை. பெயர் சொல்ல வாய் இல்லாத அட்டையை எப்படிக் கேட்பது?

#10 ஆறாம்ஸ்லாட்

வாய் இல்லை, ஆனால் நாடி இருக்கிறது.

அந்த அட்டையில் 6522 என்ற இடைமுகச் சில்லுகள் உள்ளன. 6522-க்குள் இருக்கும் முதல் டைமர் மின்சாரம் வந்ததிலிருந்து ஒவ்வொரு கடிகாரத் துடிப்புக்கும் ஒன்று குறைந்துகொண்டே இருக்கும். அதன் கீழ் பைட் 4-ஆம் பதிவகத்தில் தெரியும். ஸ்லாட் 4-இல் அது 50180. அதைப் படித்து, சரியாக எட்டுத் துடிப்பு கழித்து மறுபடி படியுங்கள். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் எட்டுக் குறைவாக, அதாவது ஒரு பைட்டில் 256-இலிருந்து 8 போக 248 ஆக வர வேண்டும்.

பேசிக்கில் இது முடியாது, இயந்திர மொழியில் எழுத வேண்டும். மறைமுக முகவரியிலிருந்து ஒய் கூட்டிப் படிக்கும் கட்டளைக்கு 5 துடிப்பு, சுழிப் பக்கத்தில் (நினைவகத்தின் முதல் 256 பைட்) சேமிக்கும் கட்டளைக்கு 3. படி, சேமி, படி என்று மூன்றையும் அடுக்கினால் இரண்டு படிப்புகளுக்கும் இடையே சரியாக 8.

ரோம் உள்ள அட்டையில் வேறுபாடு சுழியாக இருக்கும். காலி ஸ்லாட்டில் திரையின் பைட்கள் வரும். அதில் தற்செயலாக 248 வந்துவிட வாய்ப்பு உண்டு. அதனால் பல முறை சோதித்து, எல்லா முறையும் 248 வந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டாவது சில்லை 50308-இல் இதே வழியில் பார்க்கலாம்.

சாலிடர்மணம் சொன்னது இங்கேயும் பொருந்தும். இந்தப் பதிவகத்தைப் படித்தால் டைமரின் குறுக்கீட்டுக் கொடி (செயலியை இடைமறித்து அழைக்கும் அடையாளப் பிட்) அழியும். இசை ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தச் சோதனை கூடாது. தொடக்கத்தில் ஒரு முறை பார்த்து முடித்துவிட வேண்டும்.

#11 நள்ளிரவுநிரலர்

இந்த வழியை நம்பி ஒரு முழு மாலையை இழந்தேன், மற்றவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். என் இயந்திரத்தில் வேகமூட்டி அட்டை இருக்கிறது. செயலி பல மடங்கு வேகத்தில் ஓடும், ஒலி அட்டையின் டைமரோ பழைய ஒரு மெகாஹெர்ட்ஸ் வேகத்தில்தான் எண்ணும். எட்டு என்று செயலி நினைக்கும் நேரத்துக்குள் டைமர் அவ்வளவு தூரம் போயிருக்காது. வேறுபாடு எட்டுக்கு வராது, அட்டை இல்லை என்று நிரல் சொல்லிவிடும். அட்டையைக் கழற்றி, விளிம்பைத் தேய்த்து, மறுபடி பொருத்தி, சில்லுகளை மாற்றி, எல்லாம் வீண்.

வேகமூட்டியை நிறுத்திவிட்டுச் சோதிக்க வேண்டும், அல்லது எண் சிறிதளவு குறைந்துகொண்டே வருகிறதா என்று தளர்வாகப் பார்க்க வேண்டும். நான் முதல் வழியையே பரிந்துரைப்பேன். தளர்த்தினால் காலி ஸ்லாட்டும் உள்ளே நுழைந்துவிடும்.

பிற்காலத்து ஆட்லிப் ஒலி அட்டையை அறிவதும் இதே போலத்தான். சில்லின் டைமரை ஓடவிட்டு, 80 மைக்ரோவினாடி காத்திருந்து, நிலைப் பதிவகத்தில் உரிய பிட்கள் எழுந்தனவா என்று பார்ப்பார்கள்.

#12 நான்குக்குநான்கு

எம்.எஸ்.எக்ஸ் கணினிகளின் பக்கத்திலிருந்து ஒரு சொல். 1983-இல் வந்த தரம் என்பதால் இந்தச் சிக்கலை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். நான்கு முதன்மை ஸ்லாட்டுகள், ஒவ்வொன்றையும் நான்கு துணை ஸ்லாட்டுகளாக விரிக்கலாம். எது விரிந்திருக்கிறது என்று எப்படி அறிவது? 65535-ஆம் முகவரியில் துணை ஸ்லாட் பதிவகம் இருக்கும். அதில் ஒரு எண்ணை எழுதிப் படித்தால், எல்லாப் பிட்களும் தலைகீழாகத் திரும்பி வரும்.

ஏன் தலைகீழ் என்று கேளுங்கள். அங்கே சாதாரண ராம் இருந்தால் எழுதியது அப்படியே திரும்பும். ஒன்றுமே இல்லாவிட்டாலும், சற்று முன் எழுதிய எண் கம்பிகளில் தங்கி, அதுவே திரும்பி வரலாம். கேட்டதையே திருப்பிச் சொல்லும் எதிரொலியை வைத்து அங்கே ஆள் இருக்கிறார் என்று முடிவு செய்ய முடியாது. தலைகீழாகத் திருப்பிச் சொன்னால் அங்கே ஒரு சுற்று உட்கார்ந்து வேலை செய்கிறது என்று பொருள்.

அட்டையை அறிய ரோமின் முதல் இரண்டு பைட்கள் 65, 66, அதாவது 'ஏ', 'பி'. எஃப்.எம் இசை அட்டையைத் தேடுபவர்கள் எல்லா ஸ்லாட்டுகளிலும் 16412-இல் 'ஓ.பி.எல்.எல்' என்ற நான்கு எழுத்துகளைத் தேட வேண்டும். அதற்கு முந்தைய நான்கு எழுத்துகள் 'ஏ.பி.ஆர்.எல்' என்றால் இயந்திரத்துக்குள்ளேயே அமைந்தது. வெளியே செருகிய எஃப்.எம் பேக் என்றால் 32758-இல் கடைசிப் பிட்டை எழுப்பினால்தான் அதன் துறைகள் திறக்கும். இதை மறந்து, "கண்டுபிடித்தாகிவிட்டது, ஒலி மட்டும் வரவில்லை" என்று தவிப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

#13 சாலிடர்மணம்

தலைகீழ் என்றதும் கமடோரின் அமிகா கணினி நினைவுக்கு வருகிறது. அங்கே எல்லா அட்டைகளும் ஒரே வாசலில் நின்று பதில் சொல்கின்றன, ஆனால் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். சங்கிலியில் முதல் அட்டை தன் தயாரிப்பாளர் எண், பொருள் எண், தேவைப்படும் நினைவக அளவு ஆகியவற்றைச் சொல்லும். இயக்கத் தளம் அதற்கு ஒரு முகவரி கொடுக்கும். வாங்கிக்கொண்டு அது விலகி, அடுத்த அட்டைக்கு வழிவிடும். தயாரிப்பாளர் எண்ணைத் தலைகீழாக அனுப்புகிறார்கள். யாரும் இல்லாத வாசலில் எல்லாப் பிட்களும் ஒன்றாக நிற்கும், திருப்பினால் சுழி, அந்த எண் எந்தத் தயாரிப்பாளருக்கும் கிடையாது. கமடோரின் எண் 514.

டி.ஐ. 99/4ஏ கணினியில் வேறு வழி. எல்லா அட்டைகளின் ரோமும் 16384 என்ற ஒரே இடத்தில்தான் தெரியும். இயந்திரம் 4096-இலிருந்து 7936 வரையான கட்டுப்பாட்டு முகவரிகளில் 256 படியாக ஒவ்வோர் அட்டையையும் எழுப்பி, முதல் பைட் 170 தானா என்று பார்த்து, மறுபடி உறங்க வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகும். ஒருவர் பேசும்போது மற்றவர் வாய் திறப்பதில்லை. ஆப்பிளில் இந்த ஒழுங்கு பாதி இருக்கிறது: எல்லா அட்டைகளும் பங்கிடும் 2 கிலோபைட் ரோம் இடத்தை விட்டு விலகச் சொல்ல, 53247-ஐத் தொட வேண்டும். உங்கள் நிரல் அந்தப் பகுதியைப் படிக்குமானால் இதை மறக்க வேண்டாம்.

#14 பச்சைத்திரை

இரண்டு நாள் உழைத்தேன். இப்போதைய நிலை இது.

ஸ்லாட் 1 தொடர் இடைமுகம், 4 மாக்கிங்போர்டு, 6 வட்டு. மூன்றையும் வெறும் திரை, வெள்ளைத் திரை, எழுத்து நிறைந்த திரை என மாற்றி மாற்றி நூறு முறை ஓட்டினேன், ஒரு முறையும் பிசகவில்லை. 248 வந்து நின்ற அந்தக் கணத்தில் எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தேன்.

இரண்டு இடங்களில் சிக்கல். ஸ்லாட் 5-இல் ஓர் அட்டை இருக்கிறது, நிரல் "அடையாளம் தெரியவில்லை" என்கிறது. ரோம் இல்லை, 6522-உம் இல்லை. பலகையில் இருக்கும் சில்லுகளின் எண்களைப் பார்த்தால், மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் அட்டை போலத் தெரிகிறது. அடுத்தது ஸ்லாட் 3. அங்கே 80 நெடுவரிசை அட்டை இருப்பதாக நிரல் உறுதியாகச் சொல்கிறது: 56, 24, 1, 136. எல்லாத் திரையிலும் அதே பதில். ஆனால் ஸ்லாட் 3-இல் தூசியைத் தவிர ஒன்றும் இல்லை.

#15 ஒற்றைப்பிட்

ஸ்லாட் 5-க்கு என் பழைய வாதத்தையே வைக்கிறேன். அந்த அட்டை தன் கட்டுப்பாட்டு முகவரிகளில் மட்டும் பதில் சொல்லும். அந்தப் பதிலும் வெளியே என்ன கம்பி இணைத்திருக்கிறது என்பதைப் பொறுத்து எந்த எண்ணாகவும் இருக்கலாம். இத்தகைய அட்டைக்கு அடையாளம் என்று ஒன்று இல்லை. இங்கே மனிதரைக் கேட்பதைத் தவிர வழியில்லை.

மற்ற இடங்களில் ரோம்வாசகி அவர்கள் சொன்னதே சரி என்று ஏற்கிறேன். கை மாறி வந்த இயந்திரங்களை நான் கணக்கில் எடுக்கவில்லை.

#16 ரோம்வாசகி

நானும் உங்கள் பக்கம் ஓர் அடி வைக்கிறேன். ஸ்லாட் 5-க்குக் கேளுங்கள். அவர் சொன்னதை வட்டில் எழுதி வையுங்கள், திரையில் "உரிமையாளர் கூறியது" என்று தனியாகக் காட்டுங்கள். நிரல் தானாக அறிந்ததும் பிறர் சொல்லிக் கேட்டதும் ஒரே வரிசையில் கலந்துவிடக் கூடாது.

ஸ்லாட் 3 பற்றி: உங்கள் 2ஈ-இல் அந்த ஏழுக்கும் புறம்பாக இருக்கும் துணை ஸ்லாட்டில் 80 நெடுவரிசை அட்டை இருக்கிறதா? இருந்தால், ஸ்லாட் 3-இன் முகவரியில் நீங்கள் படித்தது தாய்ப்பலகையில் இருக்கும் உள் ரோம். 49175-ஐப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 49163-இல் ஏதாவது எழுதினால் வெளி ஸ்லாட் தெரியும். சோதனை முடிந்ததும், முன்பு படித்தது 128-க்குக் குறைவாக இருந்திருந்தால் 49162-இல் எழுதிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இல்லையென்றால் 80 நெடுவரிசைத் திரை குழம்பிவிடும். அந்த நேரத்தில் திரையில் எதையும் அச்சிடாமல், இந்தப் பகுதியை மட்டும் இயந்திர மொழியில் எழுதுங்கள்.

#17 பச்சைத்திரை

ஆம் அம்மா, துணை ஸ்லாட்டில் இருக்கிறது. அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. நீங்கள் சொன்னபடி எழுதினேன். 49175 முதலில் 128-க்குக் குறைவாகத்தான் இருந்தது. 49163-ஐத் தொட்டுவிட்டு ஸ்லாட் 3-இன் முதல் பதினாறு பைட்களை எடுத்து வைத்து, பழைய நிலைக்குத் திரும்பிய பிறகு அச்சிட்டுப் பார்த்தேன்.

திரை வெறுமையாக இருந்தது. பதினாறும் 160.